நடுமலைக் கேரட்

ஜவ்வாது மலையிலுள்ள ஜமுனாமரத்தூரின் காய்கறிக் கடையில் கேரட்டைக் காட்டி எந்த ஊர்ச் சரக்கு என்று கேட்டால், "ஊட்டி கேரட்டு சார்" என்று சட்டென்று பதில் வரும். அது உண்மையானால் அந்தக் கேரட் நீலகிரிச் சரிவில் விளைந்து, மேட்டுப்பாளையம் மண்டியில் ஏலம் போய், லாரியில் சமவெளியைக் கடந்து, மறுபடி ஒரு மலை ஏறி வந்திருக்கிறது. ஜவ்வாது மலையில் சாமை விளைகிறது, கேழ்வரகு விளைகிறது. பலாவும் புளியும் சீத்தாவும் காய்த்துத் தள்ளுகின்றன. வாசலில் ஒரு பாத்தி போட இடமில்லாத வீடு இங்கே அபூர்வம். கேரட் மட்டும் இன்னும் விருந்தாளியாகவே வந்து போகிறது. "அது குளிர்ப் பிரதேசத்துப் பயிராச்சே, இங்கே எங்கே வரும்?" என்பதுதான் பேச்சு.

வரும். ஆண்டில் நான்கு மாதம் வரும். ஏன் அந்த நான்கு மாதம் என்று புரிந்துகொள்ளக் கொஞ்சம் வானிலையும், ஒரு வேர் எப்படி வளர்கிறது என்ற அறிவும் போதும். அது தெரிந்துவிட்டால் தோட்டம் இல்லாதவர்கூட ஓர் அரிசிச் சாக்கில் கேரட் எடுத்துவிடலாம்.

முதலில் உயரக் கணக்கு. மேலே ஏற ஏறக் காற்று குளிர்கிறது. சராசரியாக 1,000 மீட்டருக்கு ஆறரை டிகிரி செல்சியஸ். ஊட்டி ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கடல்மட்டத்தை விடப் பதினான்கு டிகிரிக்கு மேல் குளிர்ச்சி. ஜவ்வாது மலையில் காவலூர் வானாய்வகம் நிற்கும் இடத்தின் உயரம் 725 மீட்டர். அதே கணக்கில் இங்கே கிடைப்பது ஐந்து டிகிரிகூட இல்லை. கேரட் நன்றாகப் பருத்து நிறம் ஏறுவதற்கு 15 முதல் 21 டிகிரி வரையான வெப்பநிலை உகந்தது. தண்ணீர் வசதி இருந்தால் 1,500 மீட்டருக்கு மேல் ஆண்டு முழுவதும் இதைப் பயிரிடலாம். அந்த உயரம் ஜவ்வாதுக்கு இல்லை. சித்திரையில் விதைத்துப் பார்த்துவிட்டு "இங்கே வராது" என்று கைவிட்டவர்கள் சொன்னது அந்த மட்டில் சரி.

ஆனால் ஊட்டியை மட்டுமே அளவுகோலாக ஏன் வைக்க வேண்டும்? மேற்கே நூறு கிலோமீட்டர் சொச்சம் தள்ளிப் பாருங்கள். ஓசூர், தளி, எல்லை தாண்டினால் மாலூர், கோலார். சுமார் 900 மீட்டர் உயரப் பீடபூமி, நம்முடையதைப் போலவே செம்மண் பூமி, கிட்டத்தட்ட அதே அட்சரேகை. அங்கே வயல் வயலாகக் கேரட் விளைகிறது. தமிழ்நாட்டுச் சந்தைகளில் ஊட்டியின் பெயரைச் சொல்லி விற்கப்படும் கேரட்டில் ஒரு பங்கு இந்தப் பீடபூமியில் விளைந்ததுதான். பெங்களூருக்குப் பக்கத்தில் ஹெசரகட்டாவில் இருக்கும் இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனம் வெப்பமண்டலத்துக்கு ஏற்ற அர்கா சூரஜ் என்ற ஆரஞ்சு நிறக் கேரட் வகையைத் தந்திருக்கிறது. ஆகவே ஜவ்வாது மலைக்காரர் தம் பாத்தியை ஊட்டியோடு ஒப்பிட்டு மனம் சோர வேண்டியதில்லை. ஓசூரோடு ஒப்பிட்டுப் பார்த்தால் நம்பிக்கை வரும்.

காவலூரை நான் உயரம் சொல்வதற்காக மட்டும் இழுக்கவில்லை. வானியலாளர் வைனு பாப்பு 1960களில் தொலைநோக்கிக்கு இடம் தேடி இந்தக் காட்டுக்கு வந்ததற்கு இரவு வானத்தின் தெளிவு ஒரு முக்கியக் காரணம். 1968இல் 38 செ.மீ. தொலைநோக்கியோடு அங்கே வேலை தொடங்கியது. 1986 முதல் 2.34 மீட்டர் தொலைநோக்கி இயங்குகிறது. வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த பிறகு அங்கே மேகமற்ற இரவுகள் வரிசையாக வருகின்றன. மேகம் இல்லாத இரவில் நிலத்துக்குப் போர்வை இல்லை. பகலில் வாங்கிய வெப்பத்தைத் தரை அகச்சிவப்புக் கதிராக வானத்தை நோக்கி விட்டுக்கொண்டே இருக்கும். மேகம் இருந்தால் அதில் ஒரு பங்கைத் திருப்பி அனுப்பும், இல்லாவிட்டால் இன்னும் அதிகம் தப்பிப் போய்விடும். மார்கழி, தை மாதங்களில் விடியலில் ஓட்டுக்கூரையிலிருந்து பனி சொட்டுவது அதனால்தான். உயரம் கொடுக்காமல் விட்ட குளிரில் ஒரு பங்கை இந்தத் தெளிந்த வானம் ஈடுகட்டுகிறது. விண்மீன் பார்ப்பவருக்கு எது நல்ல இரவோ, கேரட் போட்டவருக்கும் அதுவே நல்ல இரவு.

குளிர்ந்த இரவு கேரட்டுக்கு என்ன செய்கிறது? பகலில் இலை சர்க்கரை தயாரிக்கிறது; அதில் செலவு போக மிஞ்சியது வேருக்கு இறங்குகிறது. இரவில் வரவு கிடையாது, செலவு மட்டும் உண்டு. செடியின் ஒவ்வொரு உயிரணுவும் மூச்சு விட்டுக்கொண்டே இருக்கும்; அந்த மூச்சுக்கு எரிபொருள் சர்க்கரை. வெப்பநிலை பத்து டிகிரி கூடினால் இந்தச் செலவு ஏறத்தாழ இரட்டிப்பாகிறது. 26 டிகிரி இரவில் கரையும் சர்க்கரையில் பாதிதான் 16 டிகிரி இரவில் கரையும். அதோடு இன்னொன்றும் உண்டு. கேரட்டைக் கடித்ததும் மூக்கில் ஏறும் காட்டமான வாசனைக்குக் காரணம் டெர்பீன் என்னும் எண்ணெய்ப் பொருட்கள். வெயிலில் வளர்ந்த கேரட்டில் இவை கூடுதலாகச் சேர்ந்து, இருக்கும் இனிப்பையும் மறைத்துவிடும். வெயில் காலக் கேரட் வெளிறி, குட்டையாகி, நாரோடி, கசப்பதெல்லாம் தனித்தனி நோய்கள் அல்ல. எல்லாம் ஒரே வெப்பத்தின் விளைவு.

ஆகவே நாள் குறிப்பது எளிது. சாமை அறுத்துக் களம் சேர்ந்தபின், ஐப்பசி அடைமழையின் வேகம் தணியத் தொடங்கும்போது, கார்த்திகை முதல் பாதியில் விதைக்க வேண்டும். அப்போது மண்ணில் இன்னும் வெதுவெதுப்பு இருக்கும். முளைக்க அது வேண்டும். வேர் பருக்கும் காலம் மார்கழி, தையில் விழும். நூறு நாள் கணக்கு வைத்தால் மாசிக் கடைசிக்குள் பிடுங்கிவிடலாம், வெயில் முறுக்கேறுவதற்கு முன்பாக. புரட்டாசியில் ஆசைப்பட்டுப் போட்டால் மழை விதையை அடித்துக்கொண்டு போகும். தையில் போட்டால் பங்குனி வெயிலில் வேர் மாட்டிக்கொள்ளும்.

விதையைப் பற்றி எனக்குப் புத்தி சொன்னவர் பக்கத்து வீட்டு ஆயா. நான் பாக்கெட்டைப் பிரித்துக் கையில் கொட்டியதைப் பார்த்து, "ஏம்பா, கொத்தமல்லின்னா தேய்ச்சு ரெண்டா ஒடைச்சுத்தானே போடுவோம், இத அப்படியே போடுறியே?" என்றார். கேரட்டைப் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் முகர்ந்து பார்த்தே உறவைக் கண்டுபிடித்துவிட்டார். கேரட்டும் கொத்தமல்லியும் ஒரே குடும்பம். சீரகம், சோம்பு, ஓமம், வல்லாரை எல்லாம் இந்தக் குடும்பத்தின் உறுப்பினர்கள்; பெருங்காயம் தரும் செடியும்தான். பெரும்பாலானவற்றின் பூங்கொத்து குடையை விரித்த மாதிரி இருக்கும். நாம் கொத்தமல்லி விதை என்று சொல்லும் உருண்டை உண்மையில் ஒரு கனி. அது இரண்டு பாதிகளாகப் பிரியும், பாதிக்கு ஒரு விதை. கேரட்டும் அப்படித்தான். கேரட்டின் அரைக்கனியில் வரிசையாக முள் போன்ற மயிர் இருக்கும். விதைக் கம்பெனிகள் அதைப் பிரித்து, முள்ளைத் தேய்த்து நீக்கிப் பாக்கெட்டில் போடுகின்றன. "அது ஏற்கெனவே தேய்ச்சதுதான் ஆயா" என்று நான் சொல்ல அன்று எனக்குத் தெரிந்திருக்கவில்லை.

அந்த விதை மிகப் பொடி. ஒரு கிராமில் ஏறத்தாழ ஆயிரம் இருக்கும். முளைக்க நாளெடுப்பதற்குக் காரணம் சோம்பல் அல்ல. செடியிலிருந்து விதை உதிரும்போது உள்ளே இருக்கும் கரு முழுமையாக வளர்ந்திருக்காது. ஈரம் பட்ட பிறகு, விதைக்குள்ளேயே சேமிப்புத் திசுவைத் தின்று வளர்ந்து, போதிய நீளம் வந்த பிறகுதான் வேர் வெளியே எட்டிப் பார்க்கும். அவரையோ வெண்டையோ தயாரான குழந்தையாகப் பிறக்கின்றன. கேரட் குறைமாதக் குழந்தை. 20 முதல் 25 டிகிரி வரை இருந்தால் ஒரு வாரம் பத்து நாள், குளிர்ந்த மண்ணில் மூன்று வாரம் வரை ஆகும். இத்தனை நாளும் விதை இருக்கும் மேல்மண் ஒருநாள்கூடக் காயக்கூடாது. ஒரு மதியம் காய்ந்தாலும் பாதி வளர்ந்த கரு செத்துப்போகலாம். கேரட் முளைக்கவில்லை என்று விதைக்காரரைத் திட்டுபவர்களில் பெரும்பாலோருக்கு நடந்தது இதுதான்.

சிக்கல் என்னவென்றால் விதையை ஆழத்தில் புதைக்கவும் முடியாது. அவ்வளவு பொடியான விதைக்கு அரை சென்டிமீட்டருக்கு மேல் மண்ணை முட்டிக்கொண்டு வரப் பலமில்லை. ஜவ்வாதுச் செம்மண்ணோ மழை பெய்து காய்ந்தால் அப்பளம் போல மேலே பொருக்குத் தட்டிக்கொள்ளும். அதற்கு நல்ல வழி, விதைத்த வரிசையை மண்ணால் மூடாமல் சலித்த மக்கிய எருவாலோ தென்னை நார்க்கழிவாலோ மெல்லத் தூவி மூடுவது. மேலே நனைத்த கோணிச் சாக்கு ஒன்றை விரித்துக் காலையும் மாலையும் பூவாளியால் நனைக்க வேண்டும். ஐந்தாம் நாளிலிருந்து தினமும் சாக்கைத் தூக்கிப் பாருங்கள். முதல் பச்சை தெரிந்த அன்றே சாக்கை எடுத்துவிட வேண்டும். ஒருநாள் தாமதித்தால் நாற்று வெளுத்து நீண்டுவிடும். விதையோடு நான்கு பங்கு உலர்ந்த மணலைக் கலந்து தூவினால் நெருக்கம் குறையும். பழைய விதையை நம்ப வேண்டாம். இரண்டு மூன்று ஆண்டில் இது உயிர்ப்பை இழந்துவிடும்.

முளைத்த கேரட் முதல் மூன்று வாரம் வெளியே எதையும் காட்டாது. புல் மாதிரி மெலிந்த இரண்டு விதையிலை, பிறகு கொத்தமல்லித் தழை போல ஒன்றோ இரண்டோ. செடி தூங்குகிறது என்றுதான் தோன்றும். உண்மையில் அந்த நாட்களில் மண்ணுக்குள் அதன் வாழ்க்கையிலேயே மிக அவசரமான வேலை நடந்துகொண்டிருக்கிறது. தலைமயிர் பருமனுள்ள ஆணிவேர் நேர் கீழே இறங்குகிறது. கிழங்கு எவ்வளவு நீளம் என்பது பெரும்பாலும் அப்போதே முடிவாகிறது. பிறகு நடப்பது பருத்தல். நீங்கள் கேரட்டைப் பார்த்து மகிழத் தொடங்கும் நாளில் அதன் வடிவத்தை மாற்ற உங்களால் ஒன்றும் செய்ய முடியாது. எனவே கேரட் வளர்ப்பில் பெரும் உழைப்பு விதைப்பதற்கு முன்பே முடிந்திருக்க வேண்டும். மற்றக் காய்கறிகளில் செடியைக் கவனிக்கிறோம். இதில் மண்ணைக் கவனிக்கிறோம்.

இதை நான் தோற்றுத்தான் கற்றேன். முதல் ஆண்டு தக்காளி, கத்தரிக்கு விடுவது போலக் கேரட்டையும் தட்டில் நாற்று விட்டு, ஒரு விரல் உயரம் வந்ததும் பிடுங்கிப் பாத்தியில் நட்டேன். தழை அழகாக வந்தது. மாசியில் பிடுங்கினால் ஒவ்வொன்றும் இரண்டு கால், மூன்று கால். சில ஒன்றையொன்று முறுக்கிக்கொண்டு இருந்தன. நேரான கிழங்கு ஒன்றுகூட இல்லை. நாற்றைப் பிடுங்கியபோது கண்ணுக்குத் தெரியாத அந்த வேர் நுனி அறுந்திருக்கிறது. நுனி உயிரோடு இருக்கும்வரை பக்கவேர்களை அடக்கி வைக்கும். கேரட்டில் அவை நான்கு வரிசைகளாக, மயிரிழைகளாக மட்டும் நிற்கும். கழுவிய கேரட்டின் தோலில் குறுக்கே தெரியும் சிறு கோடுகள் அவை இருந்த இடங்கள். நுனி செத்தால் அடக்குமுறை போய்விடும், இரண்டு மூன்று பக்கவேர்கள் தாமே ஆணிவேராக முயலும். நாற்றுப் பிடுங்குவது மட்டுமல்ல, கூழாங்கல் தடுத்தாலும், மக்காத சாணியின் சூடு பட்டாலும், வேர்முடிச்சு நூற்புழு தாக்கினாலும் இதே கதைதான்.

பாத்திக்கு மண் ஆயத்தம் செய்வதன் முறை இதிலிருந்தே புரியும். ஒன்றரைச் சாண் ஆழம் கிளற வேண்டும். கல்லைப் பொறுக்கினால் மட்டும் போதாது, முடிந்தால் மேல் ஒரு சாண் மண்ணைச் சல்லடையில் சலித்துவிடுவது நல்லது. கார்த்திகை மழையில் நீர் தேங்காதபடி பாத்தி தரையைவிட ஒரு சாண் மேடாக இருக்க வேண்டும். மக்காத எருவை விதைக்கும் நேரத்தில் போடாதீர்கள். ஆடியில் வேறு பயிருக்கு எரு போட்ட இடமே கேரட்டுக்குச் சிறந்த இடம். அதற்குள் அது மண்ணோடு மண்ணாகியிருக்கும். தழைச்சத்து அதிகமானால் தழை மட்டும் காடு போல வரும், கிழங்கு மயிரடர்ந்து நிற்கும். அடுப்புச் சாம்பல் ஒரு கைப்பிடி தூவினால் சாம்பல் சத்து கிடைக்கும். அதற்கு மேல் வேண்டாம். போன பருவம் தக்காளியோ கத்தரியோ நின்று வேரில் முடிச்சு கண்ட இடமென்றால் கேரட்டை வேறு இடத்துக்கு மாற்றுங்கள். அந்த இடத்தில் ஒரு பருவம் செண்டுமல்லி நிற்கட்டும். அதன் வேரிலிருந்து கசியும் பொருட்கள் நூற்புழுவுக்கு ஆகாது.

சலிக்கும் பொறுமை இல்லாதவர்களுக்குத் தொட்டி நல்லது. சொல்லப்போனால் கற்கள் நிறைந்த மலைச்சரிவில் இருப்பவருக்குப் பாத்தியைவிடத் தொட்டியில் நேரான கேரட் எளிதில் கிடைக்கும். ஏனென்றால் உள்ளே போகும் மண் முழுவதும் நம் கையால் போட்டது. செம்மண் ஒரு பங்கு, நன்றாக மக்கிய எரு ஒரு பங்கு, நார்க்கழிவோ மணலோ ஒரு பங்கு. அகலம் பெரிதல்ல, ஆழம்தான் வேண்டும். நீண்ட வகைக்கு 30 செ.மீ. தேவை. காலியான பெயின்ட் வாளி, 25 கிலோ அரிசிச் சாக்கின் மேல்பாதியைச் சுருட்டி விட்டது, உடைந்த குடம், எதுவானாலும் அடியில் ஓட்டை இருந்தால் ஆகும்.

இங்கே ஒரு பழக்கத்தை எதிர்த்துச் சொல்லியாக வேண்டும். தொட்டியின் அடியில் ஜல்லியும் ஓட்டுச்சில்லும் ஒரு அடுக்குப் போட்டால் நீர் நன்றாக வடியும் என்று எல்லோரும் சொல்கிறோம். வடியாது. பாத்திரம் துலக்கும் ஸ்பாஞ்சை நீரில் முக்கி, படுக்கைவாக்கில் பிடியுங்கள். சொட்டி முடியும்வரை பொறுத்திருங்கள். இப்போது அதையே செங்குத்தாகத் திருப்புங்கள், மறுபடி நீர் சொட்டும். ஸ்பாஞ்சு அதேதான், உயரம்தான் மாறியது. மண்ணின் நுண்ணிய இடுக்குகள் நீரைப் பிடித்து வைக்கும் விசை, மேலே நிற்கும் நீரின் கனத்தோடு போட்டியிடுகிறது. எந்தத் தொட்டியானாலும் அடியில் சில சென்டிமீட்டர் உயரத்துக்கு நீர் வடியாமல் நிறைந்தே நிற்கும். ஜல்லி போட்டால் அந்த ஈர அடுக்கு மறையாது. ஜல்லிக்கு மேலே ஏறி உட்காரும். பொடி இடுக்கிலிருந்து பெரிய இடுக்குக்குள் நீர் எளிதில் இறங்குவதில்லை. விளைவு, வேருக்கு இருந்த ஆழமும் குறைந்தது, அழுகல் மண்டலமும் மேலே வந்தது. ஓட்டையில் மண் கொட்டாமலிருக்க ஒரே ஒரு சில்லை வையுங்கள், போதும். உயரமான தொட்டியில் ஈர அடுக்குக்கு மேலே காற்றோட்டமுள்ள மண் அதிகம் இருக்கும். வேர் இறங்க இடமும் கிடைக்கும்.

தொட்டியின் குறை அதன் சூடு. தரை மண் வெயிலில் மெதுவாகச் சூடாகும். கறுப்புப் பை மதியத்துக்குள் காய்ந்த கல்லாகிவிடும். குளிருக்காக மார்கழியைத் தேடிப் பிடித்துவிட்டுப் பகலில் வேரை வேக வைப்பதில் பயனில்லை. மண்தொட்டி இருந்தால் அதுவே நல்லது. பானைத் தண்ணீர் குளிர்வது எப்படியோ அப்படியே அதன் சுவரில் கசியும் ஈரம் ஆவியாகி வேரைக் குளிர்விக்கும். ஒரு கிராம் நீர் ஆவியாக ஏறத்தாழ 580 கலோரி வெப்பத்தை எடுத்துக்கொண்டு போகிறது. பிளாஸ்டிக் வாளி என்றால் வெளியே ஈரக் கோணியைச் சுற்றுங்கள், அல்லது இரண்டு மூன்றைச் சேர்த்து வைத்து ஒன்றின் நிழல் மற்றதன் மேல் விழச் செய்யுங்கள். வெயில் இலைக்கு வேண்டும், தொட்டியின் சுவருக்கு வேண்டாம்.

பிறகு வேலை குறைவு. மூன்று நான்கு இலை வந்ததும் கலைக்க வேண்டும். செடிக்குச் செடி இரண்டு விரல்கடை இடம் விடுங்கள். மனம் வராது, ஆனால் கலைக்காத பாத்தியில் பென்சில்தான் விளையும். பிடுங்காமல் கத்தரிக்கோலால் தரையோடு வெட்டினால் நிற்கும் செடியின் வேர் அசையாது. வெட்டிய தழையைப் பருப்பில் போடலாம். தண்ணீரை அளந்து சீராக விடுங்கள். பத்து நாள் காயவிட்டுத் திடீரென்று வெள்ளம் பாய்ச்சினால் உள்சதை வீங்கும் வேகத்துக்குத் தோல் ஈடுகொடுக்காமல் கிழங்கு வெடிக்கும். தோள் மண்ணுக்கு வெளியே தெரிந்தால் மண் அணைத்து விடுங்கள். வெளிச்சம் பட்ட இடம் பச்சையாகிக் கசக்கும். உருளைக்கிழங்கின் பச்சை போல நஞ்சல்ல, ருசிதான் கெடும்.

பிடுங்கிய கேரட்டைக் குறுக்கே நறுக்கினால் நடுவில் ஒரு வட்டக்கோடு தெரியும். அதுதான் பருத்தல் நடந்த வளையம். உள்ளே நீர் ஏற்றும் திசு, வெளியே சர்க்கரை இறக்கும் திசு. நிறமும் இனிப்பும் வெளிப்பக்கம் கூடுதல். நல்ல கேரட் என்பது உள்வட்டம் சிறுத்த கேரட். இந்த ஆரஞ்சு நிறத்தைக் கொடுக்கும் பொருளை வேரிலிருந்து 1831இல் வாக்கன்ரோடர் என்ற ஜெர்மானிய வேதியியலாளர் பிரித்தெடுத்தார். கேரட்டின் பெயரையே வைத்துக் கரோட்டின் என்றார். ஆனால் கேரட் ஆதியில் ஆரஞ்சாக இருக்கவில்லை. ஆப்கானிஸ்தான் பக்கத்தில் முதலில் பயிரானவை ஊதாவும் மஞ்சளும். வட இந்தியாவில் இன்றும் தக்காளியின் நிறமியான லைக்கோபீன் கொண்ட சிவப்புக் கேரட்தான் குளிர்கால அல்வாவுக்குப் போகிறது. ஆரஞ்சு ஐரோப்பாவில் சில நூற்றாண்டுகளுக்கு முன் தேர்ந்தெடுக்கப்பட்டுப் பரவியது. பழைய தமிழில் கேரட்டுக்கு மஞ்சள் முள்ளங்கி என்று ஒரு பெயர் உண்டு. அந்தப் பெயரை நாம் கைவிட்டது எனக்கு வருத்தம்தான்.

கரோட்டின் இலைகளுக்குச் சொந்தமான பொருள். கடும் வெளிச்சத்தின் சேதத்திலிருந்து இலையைக் காப்பது அதன் வேலை. இருட்டில் கிடக்கும் வேருக்கு அது எதற்கு? 2016இல் கேரட்டின் மரபணுத் தொகுதி முழுமையாகப் படிக்கப்பட்டு 32,113 மரபணுக்கள் எண்ணப்பட்டபோது ஒரு விடை தென்பட்டது. வெளிச்சம் இல்லாதபோது இந்த உற்பத்தியை நிறுத்தி வைக்கும் காவல், பயிராக்கப்பட்ட கேரட்டில் பழுதாகியிருக்கிறது. வேர் தன்னை வெளிச்சத்தில் இருப்பதாக எண்ணிக்கொண்டு நிறமியைச் சேர்க்கிறது. மண்ணுக்குள் சாண் ஆழத்தில், ஒரு இலையின் கனவு.

அந்த நிறமி நம் உடலில் வைட்டமின் ஏ ஆகிறது. அது இல்லாவிட்டால் முதலில் போவது மங்கிய ஒளியில் பார்க்கும் திறன்: மாலைக்கண். அதற்கு மேலும் போகும். மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையின் குழு திருச்சி மாவட்டத்தில் 15,419 சிறு குழந்தைகளிடையே ஒரு ஆய்வு நடத்தியது. வாரந்தோறும் சிறிதளவு வைட்டமின் ஏ பெற்ற குழந்தைகளிடையே இறப்பு 54 விழுக்காடு குறைந்திருந்தது என்று 1990இல் அவர்கள் வெளியிட்டார்கள். கண் மருத்துவர்கள் தொடங்கிய கேள்வி குழந்தையின் உயிரில் போய் நின்றது. அவர்கள் கொடுத்தது மருந்துச் சொட்டு, கேரட் அல்ல. அதை நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். ஆனால் நூறு கிராம் கேரட்டில் சுமார் 8 மில்லிகிராம் பீட்டா கரோட்டின் இருக்கிறது. பன்னிரண்டு பங்குக்கு ஒரு பங்கு வைட்டமின் என்று கணக்கிட்டாலும் ஒரு சிறு குழந்தையின் ஒரு நாள் தேவையைத் தாண்டும். பச்சையாகக் கடிப்பதைவிட எண்ணெய் விட்டுத் தாளித்துத் தேங்காய் தூவிய பொரியலில் உடல் அதை நன்றாக எடுத்துக்கொள்ளும், ஏனெனில் கரோட்டின் கொழுப்பில் கரைவது. வேலியில் நிற்கும் முருங்கைக்கீரையிலும் இது ஏராளம். கேரட் வந்துவிட்டதென்று முருங்கையை மறந்துவிடாதீர்கள். குழந்தை தானாகக் கேட்டுத் தின்பது கேரட்டை என்பதால்தான் நான் இவ்வளவு மெனக்கெடுகிறேன்.

மாசியில் எல்லாவற்றையும் பிடுங்கும்போது நல்ல கிழங்கு ஒன்றிரண்டை மண்ணிலேயே விட்டுப் பாருங்கள். நாம் தின்பது பாதி ஆயுளில் நிறுத்தப்பட்ட ஒரு செடியை. கேரட் ஈராண்டுப் பயிர். முதல் ஆண்டு சேர்ப்பதெல்லாம் ஒரு பெருங்குளிரைத் தாண்டிப் பூக்கத்தான். நாண்டிஸ் போன்ற குளிர்நாட்டு வகைகள் பல வாரம் பத்து டிகிரிக்குக் கீழே கிடந்தால்தான் குளிர்காலம் போய்விட்டது என்று நம்பிப் பூத்தண்டு விடும். அவற்றின் விதையை இமாச்சலத்தில் குலு பள்ளத்தாக்கின் கத்ராயின் போன்ற இடங்களில் எடுப்பது இதனால்தான். ஜவ்வாதின் தை மாதம் வேரை இனிக்கச் செய்யப் போதும், பூக்கச் செய்யப் போதாது. விட்டு வைத்த கிழங்கு தழையை மட்டும் தள்ளிக்கொண்டு உள்ளே கட்டையாகும். வெப்பமண்டலத்திலேயே பூக்கும் அர்கா சூரஜ் போன்ற வகை என்றால் கதை வேறு.

குளிர்நாட்டு வகையையும் ஏமாற்ற ஒரு வழி இருக்கிறது. வீட்டில் ஃபிரிட்ஜ் இருந்தால் போதும். தழையை ஒரு அங்குலம் விட்டு வெட்டி, கொண்டைக் குருத்து சேதமாகாத கிழங்கு நான்கைந்தை ஈர மணலோடு பையில் போட்டு, ஃபிரிட்ஜின் அடித்தட்டில் எட்டு வாரம் வையுங்கள். அதுதான் அதற்குக் குளிர்காலம். கலப்பின விதையில் வந்ததாக இல்லாமலிருந்தால் பிள்ளைகள் தாயைப் போல வரும். எட்டு வாரம் கழித்துத் தோள் மட்டும் தெரிய நட்டால், குருத்திலிருந்து இலைக்குப் பதில் தண்டு எழும்பும், ஆள் மார்பளவு. அதன் உச்சியில் வெள்ளைக் குடை விரியும். மலைத்தேனீ தேடி வரும். ஒவ்வொரு பூவிலும் மகரந்தம் முதலிலும் சூல்முடி பிறகும் முதிர்வதால் ஒரு செடி போதாது, நான்கைந்து சேர்ந்து பூக்க வேண்டும். விதை முற்றும்போது குடை உள்நோக்கி மடங்கிக் குருவிக்கூடு போலக் குவிந்துகொள்ளும். பழுப்பேறியதும் அறுத்து, நிழலில் காயவைத்து, இரு உள்ளங்கைக்கும் நடுவே வைத்துக் கொத்தமல்லியைத் தேய்ப்பது போலத் தேயுங்கள். முள் உதிர்ந்து, இரண்டாகப் பிரியும். அப்படி ஒரு முறை நான் தேய்த்ததைப் பக்கத்து வீட்டு ஆயாவிடம் ஒரு சிட்டிகை கொடுத்தேன். முகர்ந்து பார்த்து, முந்தானையில் முடிந்துகொண்டார்.